கரிகாலனா, நம்ம தலையாலங்கானத்து நெடுஞ்செழியனா? வீட்டுக்குள்ளயே சண்டை, தீர்த்து வைங்க

சிம்மக்கல் சீனி

எல்லாருக்கும் வணக்கம். மக ஒன்பதாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல பட்டிமன்றம் வச்சிருக்காங்க. தலைப்பு: தலைமைப் பண்பில் விஞ்சி நிற்பவர் கரிகாலனா, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனா. சீட்டுக் குலுக்குனதுல இவளுக்குக் கரிகாலன் அணி வந்திருக்கு. மதுரையில, அதுவும் சிம்மக்கல்லுல பொறந்து வளர்ந்த புள்ள சோழனுக்கு வக்காலத்து வாங்கணுமாம்! "அப்பா, பாயிண்ட் சொல்லுங்க"ன்னு வந்து நிக்கிறா. எனக்குச் சோறு இறங்கல.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். நெடுஞ்செழியன் பட்டத்துக்கு வந்தப்ப சின்னப் பையன். புறநானூறு 77-ல இடைக்குன்றூர் கிழார் கண்ணால பார்த்த மாதிரி சொல்றார்: கால்ல கிடந்த கிண்கிணியக் கழட்டிட்டுக் கழல் மாட்டியிருக்கான், கழுத்துல பிள்ளைத் தாலி இன்னும் கிடக்கு, பால்குடிய விட்டுச் சோறு திங்க ஆரம்பிச்சதே இப்பத்தானாம். புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், இருக்கட்டும். எதிர்ல சேரன், சோழன், வேளிர்னு சொல்ற சிற்றரசருங்க அஞ்சு பேர், ஆக ஏழு பேர். அத்தனை பேரையும் தலையாலங்கானத்துல விரட்டி அடிச்சான். சேரனைப் பிடிச்சுச் சிறையில போட்டான். இதுக்கு மேல என்ன தலைமை வேணும்?

ஆனா மகளுக்கு எதிர்க்கட்சிக்கு ஆதாரம் வேணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதி எடுத்துக்கிறேன்.

சும்மா வந்தவன்

அண்ணே, கோவலனை விசாரிக்காம வெட்டச் சொன்னது இவர்தானே? தலைமைப் பண்புக்கு இவர எப்படி எடுத்தாங்க? கரிகாலன் டீம் பேசவே வேணாம், சிலம்பை எடுத்து மேடையில ஒரு தட்டுத் தட்டிட்டு உக்காரலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, இந்தக் குழப்பம் மதுரைக்காரர்களிடமே நிறைய உண்டு. சிலப்பதிகாரத்தில் "யானோ அரசன் யானே கள்வன்" என்று அரியணையிலிருந்து விழுந்து மாண்டவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். "உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும்" என்று கல்வியைப் பாடிய புறநானூற்று 183-ஆம் பாடலும் அவன் பெயரில்தான் இருக்கிறது. தலையாலங்கானத்தான் வேறு. அழகர்கோயில் பக்கம் மாங்குளத்து மலையில் தமிழி எழுத்தில் வெட்டியிருக்கும் நெடுஞ்செழியன் பெயரோ இருவருக்கும் முந்தியது. பாண்டியர் வீட்டில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதில்லையா, அப்படித்தான்.

சீனி, உங்கள் மகள் மேடையில் இந்த இடத்தில் சறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரணி நிச்சயம் சறுக்கும்.

காவிரிக்கரைக்காரி

நான் நீடாமங்கலம் பக்கத்துல பொறந்து மதுரைக்கு வாக்கப்பட்டு வந்தவ. பத்தொன்பது வருசமா இந்த ஊர்த் தண்ணியக் குடிச்சாலும் இந்த விசயத்துல நான் சோழநாட்டுக்காரிதான். புள்ளைக்கு நான் பாயிண்ட் தர்றேன், சீனி அண்ணா.

மேட்டூர ஜூன் 12-ல திறந்தா மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வந்து சேரும். அங்க பூவும் நெல்லும் தூவித்தான் மதகைத் திறப்பாங்க. அங்கேருந்துதான் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு நாலாப் பிரியும். கடைசியா சொன்னத எங்க பக்கம் புதாறுன்னு சொல்வோம், மேட்டூர் கட்டின காலத்துல வெட்டினது. சின்ன வயசுல வெண்ணாத்துல நுரை தள்ளிக்கிட்டு முதல் தண்ணி வர்றதப் பார்க்க ஊரே கரையில நிக்கும். தாத்தா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்புடுவார். யாரைக் கும்புடுறீங்கன்னு கேட்டா "கரிகாலனை"ன்னுதான் சொல்வார், சாமி பேர் சொல்ல மாட்டார்.

அடியில மணல். அதுல பாறாங்கல்லைப் போட்டா தண்ணி அடிமணலை அரிச்சுக் கல்லு கீழ இறங்கும். இறங்க இறங்க மேல மேல கல்லைப் போட்டு, நடுவுல களிமண்ணு பூசி, கடைசியில அசையாம நிக்க வச்சிருக்காங்க. ஆர்தர் காட்டன் 1836-ல முக்கொம்புல மேலணை கட்டப் போனப்ப இந்த வித்தையப் பார்த்துத்தான் மணல்ல அடித்தளம் போடுறதக் கத்துக்கிட்டார். பிற்பாடு கோதாவரிக்கும் அது போச்சு.

உங்க நெடுஞ்செழியன் ஜெயிச்சது ஒரு நாள் சண்டை. எங்க ஆளு வருசா வருசம் குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணி விடுறார்.

சிம்மக்கல் சீனி

தங்கச்சி, உணர்ச்சியெல்லாம் சரி, கணக்குக்கு வாங்க. பத்துப்பாட்டுல கரிகாலனுக்குப் பொருநராற்றுப்படை 248 அடி, பட்டினப்பாலை 301 அடி. மொத்தம் 549. நம்மாளுக்கு மதுரைக்காஞ்சி 782, நெடுநல்வாடை 188. மொத்தம் 970. பத்துப்பாட்டுலயே பெரிய பாட்டு எங்களது. மேட்ச் முடிஞ்சது.

காவிரிக்கரைக்காரி

அடியை அளந்து பரிசு கொடுத்தா இராமாயணத்துக்குத்தான் கொடுக்கணும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

இருவரும் கொஞ்சம் பொறுங்கள்.

அம்மா, கல்லணையைச் சங்கப் பாடல் எதுவும் பெயர் சொல்லிப் பாடவில்லை. காவிரிக்குக் கரிகாலன் கரை கட்டினான் என்பதைப் பிற்காலச் செப்பேடுகள்தான் விரித்துப் பேசுகின்றன. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு அதில் ஒன்று. கரை வேறு, அணை வேறு. எதிரணியில் விவரமான பிள்ளை இருந்தால் இங்கேதான் பிடிக்கும். அதற்குப் பதிலாகப் பட்டினப்பாலை வரியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: "காடு கொன்று நாடாக்கிக் குளம்தொட்டு வளம் பெருக்கி". இது சங்க வாக்கு, யாரும் அசைக்க முடியாது. ஆனால் அதற்குச் சில அடி முன்னால் "தென்னவன் திறல் கெட" என்று நம் பாண்டியன் தோற்றதும் வரும். சீனி மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இலங்கையின் பிற்கால நூலான இராஜாவலியில் சோழ மன்னன் ஒருவன் 12,000 பேரைச் சிறைபிடித்துப் போனதாகக் கதை உண்டு. காவிரிக் கரையை எழுப்பியது அந்தக் கைகள்தான் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். எதிரணி அதையும் எடுக்கலாம்.

சீனி, உங்களுக்கும் ஒன்று. நெடுஞ்செழியன் படை போன வழியை மாங்குடி மருதனார் "நாடுகெட எரி பரப்பி" என்கிறார். புகழ்ந்து பாடும்போதே அப்படிச் சொல்கிறார். கரிகாலனிடம் கருங்குழல் ஆதனார் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்: இரவென்றும் பகலென்றும் பாராமல், பகைவர் ஊர் எரிகிற வெளிச்சத்தில், அழுகுரலுக்கு நடுவே கொள்ளையடிப்பதை விரும்புகிறாய் என்று. புறம் 7. எரித்ததில் இருவருக்கும் வேறுபாடில்லை. 

ஐடி பையன், இலந்தைக்குளம்

சார், நெடுநல்வாடையப் பத்தி யாருமே பேசல. எனக்கு அதுதான் தலைமை. ஐப்பசி கார்த்திகை வாடைக்காத்து, விடாத தூறல், பாசறையில நடு ராத்திரி. ராஜா தூங்காம அடிபட்டுக் கிடக்கிற வீரர்களப் பார்க்க டென்ட் டென்டாப் போறான். காயம்பட்ட ஆளை ஒருத்தன் கையைக் காட்டிக் காட்டிச் சொல்றான். குதிரை சேத்துல நடுங்கி உதறுது, இவன் மேல்துண்டு நழுவுது, இடது கையால பிடிச்சுக்கிட்டு நடக்கிறான். "நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான்". எங்க புராஜெக்ட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலீஸ் போகும்போது மேனேஜர் எங்க இருப்பார்னு மட்டும் கேக்காதீங்க.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நன்றாகப் படித்திருக்கிறீர்கள், தம்பி. அந்தப் பாட்டில் அரசன் பெயரே கிடையாது. வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது, அதை வைத்துத்தான் பாண்டியன் என்று கண்டுகொண்டார்கள்.

கரிகாலனுக்கும் அப்படி ஒரு காட்சி உண்டு. பொருநராற்றுப்படையில் கிழிந்த துணியோடு வந்த பொருநனுக்குப் பட்டு உடுத்தி, நாளெல்லாம் விருந்து வைத்து, நாலு குதிரை பூட்டிய தேரைக் கொடுத்து, புறப்படும்போது ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்புகிறான். அரசன், பறை கொட்டிப் பிழைக்கிறவனுக்குப் பின்னால் ஏழடி! இளமையில் பகைவர் சிறையில் கிடந்தவன். கூட்டில் வளர்ந்த புலிக்குட்டி என்று பட்டினப்பாலை அவனைச் சொல்லும். இல்லாமையைப் பார்த்த ஆள் என்பது அந்த ஏழடியில் தெரிகிறது.

சும்மா வந்தவன்

நரைமுடி வச்சுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்னது கரிகாலன்தானே? அதுவாவது சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அது சரி. "இந்தச் சின்னப் பையன் என்ன தீர்ப்புச் சொல்வான்" என்று வழக்குக்கு வந்த முதியவர்கள் தயங்க, நரைமுடி தரித்து வந்து வழக்கைத் தீர்த்தான் என்று பழமொழி நானூறு சொல்கிறது.

இருவருக்கும் ஒரே சிக்கல்தான் வந்தது: "சின்னப் பையன்" என்ற ஏளனம். கரிகாலன் நரையை ஒட்டிக்கொண்டு அதைக் கடந்தான். நெடுஞ்செழியன் சபதம் போட்டான்.

மட்டுறுத்துநர்

கரிகாலன் எந்தச் சாதி, நெடுஞ்செழியன் எந்தச் சாதி என்று வந்த நான்கு பதிவுகளைத் தூக்கிவிட்டேன். ஐந்தாவது வந்தால் இழைக்குப் பூட்டு.

மேலூர் ஒருபோகம்

ராத்திரிதான் நேரம் கிடைச்சது, முழுசாப் படிச்சேன். நான் படிச்சது பத்தாவது. வாத்தியாரய்யா தப்பிருந்தா திருத்தணும்.

எங்க ஊர் பெரியாறு பாசனம். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதுக்குக் கீழ எங்களுக்கு ஒருபோகம். அந்த ஒருபோகமும் தண்ணி விட்டாத்தான். கண்மாய் ரொம்புனாத்தான் கிணத்துல ஊத்து. எங்கப்பா கரையில நின்னாருன்னா கலுங்குல மறுகால் பாயிற சத்தத்த வச்சே எத்தனை நாளைக்குத் தண்ணி தாங்கும்னு சொல்லிருவாரு. நீர்பாய்ச்சி மடையத் திறக்கிறதுல ஒரு விரக்கடை கூடுனாக் கூட ஊர்ல பஞ்சாயத்து நடக்கும்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, எங்க கண்மாய் தூர் வாருன வருசம் ஒரு வாத்தியாரு சுவத்துல புறநானூத்து வரி ஒண்ண எழுதி வச்சாரு. "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே". எல்லாருக்கும் தெரிஞ்ச வரிதான். நான் அப்பக் கேட்டேன், இத யாரு யாருக்குச் சொன்னான்னு. குடபுலவியனார்னு ஒருத்தர் சொன்னாராம். யாருக்கு? சீனி அண்ணன் தலையில தூக்கி வச்சு ஆடுறாரே, அதே தலையாலங்கானத்து நெடுஞ்செழியனுக்கு!

அர்த்தம் கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மேல் உலகத்துல செல்வம் வேணுமா, எல்லா ராசாவையும் அடிச்சு நீ ஒருத்தனே ஆளணுமா, இந்த உலகத்துல பேரு நிக்கணுமா, மூணுக்கும் வழி சொல்றேன் கேளுன்னு பீடிகை போடுறாரு. என்னமோ பெரிய ராசதந்திரம் வரப்போகுதுன்னு பார்த்தா, பள்ளமான இடத்துல கரை போட்டுத் தண்ணியத் தேக்குங்கிறாரு. அம்புட்டுதான். வெதச்சுட்டு வானத்தப் பார்க்கிற மானாவாரி நிலம் எம்புட்டுப் பரந்து கிடந்தாலும் ஆளுற ராசாவுக்கு உதவாது, அதனால "அடுபோர்ச் செழிய இகழாது வல்லே", அலட்சியம் பண்ணாம சட்டுனு செய்யுங்கிறாரு. ஏழு பேரை அடிச்ச ஆளுகிட்ட.

கரிகாலன் குளம் தொட்டான்னு பாட்டு இருக்கு. நெடுஞ்செழியன் குளம் தொடணும்னு பாட்டு இருக்கு. வித்தியாசத்த நீங்களே பார்த்துக்குங்க. நானும் மதுரைக்காரன்தான், ஆனா வெவசாயி.

சிம்மக்கல் சீனி

யோவ் மேலூர், வயித்துல அடிச்சிட்டியே.

காவிரிக்கரைக்காரி

மேலூர் அண்ணனுக்கு ஒரு படி பொன்னி அரிசி பார்சல்!

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

திருத்த ஒன்றுமில்லை. வகுப்பில் நான் முப்பது ஆண்டு அந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன், ஒருமுறையும் நீங்கள் கேட்ட கேள்வியை நான் கேட்டதில்லை.

நெடுஞ்செழியன் பக்கம் ஒரே ஒரு சொல் சேர்க்கிறேன். புலவர் சொன்னதை அவன் செய்தானா என்று எந்தப் பாட்டும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் மதுரைக்காஞ்சி பாண்டிநாட்டை வருணிக்கும்போது ஏற்றம் இறைக்கிற பாட்டும், ஆம்பி என்ற நீர் இறைக்கும் கருவியால் நீர் முகந்து "கயன் அகைய வயல் நிறைக்கும்" என்ற ஓசையும் கேட்கிறது. குளம் இருந்தது, அதிலிருந்து வயலுக்கு நீர் போனது. யார் வெட்டிய குளம் என்றுதான் எழுதவில்லை. பாண்டிநாட்டில் குளம் வெட்டியவர்கள் எல்லாரும் அரசர்களும் இல்லை. சாத்தூர்ப் பக்கம் எருக்கங்குடியில் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், ஏரிகளும் குளங்களும் வெட்டுவித்த இருப்பைக்குடி கிழவன் என்ற ஊர்த்தலைவன் புகழ் பேசப்படுகிறது.

ஐடி பையன், இலந்தைக்குளம்

இலந்தைக்குளம்னு பேர் வச்சுக்கிட்டு இருக்கேன், எங்க ஆபீஸ்ல குடிக்கக் கேன் தண்ணி. பீபிகுளம், தல்லாகுளம், கோசாகுளம், உலகனேரி... மதுரையில தண்ணி பஸ்ஸோட போர்டுலதான் இருக்கு.

மேலூர் ஒருபோகம்

தம்பி, அழ வைக்காதப்பா.

சிம்மக்கல் சீனி

சரி, குளத்துல தோத்துட்டேன்னே வச்சுக்குவோம். ஆனா ஐயா சொன்ன அந்தச் சபதம் வர்ற புறம் 72-ஐ விட்டுக் கொடுக்க மாட்டேன். அவனே பாடுனது. சின்னப் பயன்னு என்னைச் சிரிக்கிறவங்களை முரசோட சேர்த்துப் பிடிக்கலேன்னா, என் நிழல்ல வாழுற சனங்க "எங்க ராசா கொடியவன்"னு கண்ணீர் விட்டுப் பழி தூத்துற கோலை உடையவனாப் போறேன். மாங்குடி மருதன் தலைமையில புலவருங்க என் நாட்டைப் பாடாமப் போகட்டும். இரக்கிறவனுக்குக் கொடுக்க ஒண்ணுமில்லாத வறுமை எனக்கு வரட்டும். தோத்தா உயிர் போகட்டும்னு சொல்லல பாருங்க! குடிமக்கள் பழி, புலவன் மௌனம், கை வெறுமை. இந்த மூணைத்தான் பயந்திருக்கான். சண்டைக்குப் போற வயசுப் பையன் வாயில இந்த வார்த்தை வருதுன்னா அவன் தலைவன்தான்யா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சீனி, இப்போதுதான் உங்கள் கட்சி நிமிர்ந்து நிற்கிறது. சண்டையில் வென்றதைச் சொன்னபோது நிற்கவில்லை.

அந்த மாங்குடி மருதனே பின்னால் 782 அடி பாடினார் அல்லவா, அதில் என்ன சொன்னார்? உன்னைப் போல் இந்த உலகத்தை ஆண்டு கழிந்தவர்கள் "திரையிடு மணலினும் பலரே" என்றார். அலை கொண்டுவந்து கொட்டுகிற மணலை விடப் பலர். வென்று வந்தவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? சொன்னார், அவனும் கேட்டுக்கொண்டான்.

கரிகாலன் பக்கமும் இதற்கு ஈடான ஒன்று இருக்கிறது. அதை அம்மா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஊர்க்காரி பாடியது.

காவிரிக்கரைக்காரி

வெண்ணிக் குயத்தியார்! ஐயா, மறந்தே போச்சு பாருங்க. கல்லணையிலயே நின்னுட்டேன்.

வெண்ணிங்கிறது இப்பக் கோவில்வெண்ணி. எங்க வீட்டுலேருந்து பஸ்ஸுல போயிடலாம். அங்கதான் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் அடிச்சான். (சீனி அண்ணா, பாண்டியன். சும்மா ஞாபகத்துக்கு.) சேரன் பெருஞ்சேரலாதனுக்கு முதுகுல புண்ணு. அந்த வெட்கத்துல வடக்குப் பார்த்து உக்காந்து பட்டினி கிடந்தே உயிர விட்டான். அந்த ஊர்ல பானை வனையிற ஒரு அம்மா, ஜெயிச்ச ராஜாவைப் பார்த்துப் பாடுது. உன் முன்னோர் காத்தையே ஏவல் செய்ய வச்சுக் கப்பல் விட்டவங்க, நீயும் ஜெயிச்சுட்ட, எல்லாம் சரி. ஆனா "நின்னினும் நல்லன் அன்றே", வடக்கிருந்து செத்தானே அவன் உன்னை விட நல்லவன் இல்லையான்னு. புறநானூறு 66. குயவர் வீட்டுப் பொம்பளை. ஜெயிச்ச ராஜாகிட்ட.

இன்னொண்ணு தோணுது. தலையாலங்கானமும் எங்க பக்கம்தான், இப்பத் தலையாலங்காடு, குடவாசல் வட்டம். வெண்ணியும் அதுவும் இன்னைக்கு ஒரே திருவாரூர் மாவட்டம். ரெண்டு ராஜாவும் பெரிய ஆளானது எங்க வயல்ல சண்டை போட்டு. மிதிபட்ட நாத்துக்கு யாரும் பாட்டு எழுதல.

மேலூர் ஒருபோகம்

மதினி, நாத்தைப் பத்திப் பேசுனீங்க பாருங்க, இப்பத்தான் நீங்க நம்மாளு.

சும்மா வந்தவன்

எனக்கு ஒரு சந்தேகம். சோழனும் பாண்டியனும் இப்படியே எரிச்சுக்கிட்டே இருந்தா யாராவது யாருக்காவது மரியாதை கொடுத்ததே இல்லையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஓரிடத்தில் கொடுத்தார்கள். கரிகாலனுக்குப் பிறகு ஆயிரம் ஆண்டு கழிந்து, 13-ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டில் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். மாடமும் மண்டபமும் இடிந்தன. ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் விட்டுவிட்டான். பட்டினப்பாலை பாடியதற்காகக் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குச் சேர்ந்தது அது. திருவெள்ளறையில் இதைச் சொல்லும் ஒரு பாட்டே கல்லில் இருக்கிறது, "பறியாத தூணில்லை" என்று. மற்றதெல்லாம் பறித்தாயிற்று, அந்தப் பதினாறு தூண் மட்டும் நின்றது. மதுரைக்காரன் சோழனுக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். கொடுத்ததும் சோழனுக்கில்லை, பாட்டுக்கு.

சிம்மக்கல் சீனி

ஐயா, இத மக படிச்சுட்டு "அப்பா, இதையும் நான் சேர்த்துக்கவா"ன்னு கேக்குறா. அது பாண்டியன் பாயிண்ட்டும்மா, எதிரணிக்குப் போயிரும்னேன். இல்லப்பா, கரிகாலன் பாட்டோட பலம்னு சொல்லிக்குவேன்கிறா. வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்னு இருக்கேன்.

நேத்து ராத்திரி அவ எழுதுனதக் காட்டுனா. கல்லணை ரெண்டாவது பக்கத்துலதான் வருது, அதுவும் "மரபு சொல்கிறது"ன்னு ஐயா சொன்ன பதனத்தோட. முதல் வரி வெண்ணிக் குயத்தியார். "என் தலைவனை ஒரு குயத்தி குறை சொன்னாள். அந்தப் பாட்டு இன்றும் இருக்கிறது"ன்னு ஆரம்பிக்கிறா. எதிரணி குடபுலவியனாரை எடுத்தா என்ன பண்ணுவேன்னு கேட்டேன். "அவங்க எடுக்க மாட்டாங்கப்பா, அது அவங்க ராஜாவுக்கு விழுந்த குட்டு"ன்னா. நான் ஒண்ணும் பேசல. நானே எதிரணியில இருந்தா அதைத்தான் முதல்ல எடுத்திருப்பேன். அத அவகிட்டச் சொல்லல, பாண்டியனுக்கு ஏதோ நம்மாலானது.

மேலூர் ஒருபோகம்

பட்டிமன்றம் என்னைக்குண்ணே? வர்றேன். தண்ணி திறந்துட்டாங்கன்னா வரமுடியாது.

காவிரிக்கரைக்காரி

அண்ணா, பட்டிமன்றம் முடிஞ்சதும் நாங்க ஊருக்குப் போறோம். கார்ல ரெண்டு இடம் இருக்கு. புள்ளையைக் கூட்டிட்டு வாங்க, வெண்ணியும் தலையாலங்காடும் ஒரே நாள்ல காட்டிடலாம். கோவில்வெண்ணியில கரும்பேசுவரர் கோயில் இருக்கு. ரவையும் சீனியும் கலந்து பிரகாரத்துல போட்டா எறும்பு வந்து சீனியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போகும், சர்க்கரை வியாதி குறையும்னு நம்பிக்கை. சண்டை நடந்த இடத்தைப் பத்தி அங்க யாரையும் கேக்காதீங்க. எறும்பைப் பத்திக் கேட்டா எல்லாரும் சொல்வாங்க.

சிம்மக்கல் சீனி

வர்றோம் தங்கச்சி. எங்கம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி 240. ரவை எத்தனை கிலோ வாங்கணும்?